இயற்கை என்று எழுதியிருந்த பாட்டில்

செல்வம்,

இந்தக் காகிதம் கைக்கு வந்ததும் மேலே படிக்காதே. முதலில் தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய் இரண்டு கைகளையும் தோள் வரைக்கும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவு. போட்டிருக்கிற சட்டையைக் கழற்றித் தூரப் போடு. வேனுக்குள் இருந்தால் இறங்கி வெளியே காற்றாட உட்கார். அதற்கப்புறம் படி. ஏன், எதற்கு என்று கேட்காமல் நீ எதையும் செய்கிறவன் இல்லை. இந்த ஒரு தடவை கேட்காமல் செய். காரணத்தை முழுக்கச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனால் உறையை ஒட்டவில்லை. நீ இப்போது எந்த ஊரில் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதனால் இதையே பார்த்துப் பார்த்து மறுபடி எழுதி, நீ போகக்கூடிய இடத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பப் போகிறேன். அரியலூரில் நீ தங்கியிருந்த லாட்ஜுக்கு ஒன்று. உடையார்பாளையத்தில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்கு ஒன்று. அரும்பாவூர் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் ஒன்று. யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. படிக்கிறவர்களே, பச்சை வேனில் மைக் வைத்துப் பூச்சி மருந்து விற்கிற, ஒல்லியான, கண்ணாடி போட்ட ஒரு பையனைப் பார்த்தால் இதை அவன் கையில் கொடுங்கள். அவன் எங்காவது சாய்ந்து கிடந்தால் இதைக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூச்சிக்கொல்லி விஷம் தோல் வழியாக உடம்பில் ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வெயில் மயக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

செல்வம், உன் அஞ்சலை அத்தை பெரம்பலூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ வீட்டில் விட்டுப் போன மருந்தைத்தான் அவள் தொட்டாள். அது உன் கையால் வந்தது. அதை நம்பும்படி அவளிடம் படித்துக் காட்டியது நான்.

நீ கடைசியாக ஊருக்கு வந்த நாளை நினைத்துப் பார். நம் தெருவுக்குள் ஒரு வேன் வந்து நின்று, அதிலிருந்து நம் பிள்ளை ஒருவன் இறங்கியது அதுதான் முதல் தடவை. காலேஜ் முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு நீ வாடிக் கிடந்த காலமெல்லாம் எனக்கு மறந்துபோனது. அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்ற தெரு இது. உன் அப்பா செட்டிகுளம் மலைக்குக் கிழக்கே குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போட ஆரம்பித்ததே பெரிய காரியம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், அன்றைக்கு உன்னைப் பார்க்கக் கூடி நின்றார்கள். நீ வேன் படியில் ஏறி நின்று பேசினாய். விஷ மருந்து அடித்து அடித்து மண் செத்துப் போய்விட்டது, மண்புழு இல்லை, தேனீ இல்லை, இனி இயற்கைக்குத் திரும்ப வேண்டும் என்றாய். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை. நல்ல பேச்சுக்கு நடுவில்தான் அந்தப் பாட்டிலை எடுத்து நீட்டினாய்.

யாரோ கேட்டார்கள், "ஏன் தம்பி, இத மேல பட்டா ஒண்ணும் பண்ணாதா?" நீ மூடியைத் திறந்தாய். உள்ளங்கையில் ஊற்றி, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் மாதிரி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தடவிக் காட்டினாய். "பாத்துக்கங்க. விஷமா இருந்தா நான் இப்படிச் செய்வனா?" என்றாய். கூட்டம் சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. எந்தச் சந்தைக்குப் போனாலும் இப்படித்தான் செய்து காட்டுவதாகவும், அதைப் பார்த்த பிறகுதான் சனங்கள் வாங்குவதாகவும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாய். ஆனால் நீ சாப்பிடவில்லை. தட்டில் பாதி அப்படியே இருந்தது. தலை வலிக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்றாய். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தும் உனக்கு வேர்த்து ஊற்றியது. ஊர் ஊராக வெயிலில் அலைகிற பிள்ளை என்று நினைத்து நான் நெற்றியில் தைலம் தடவி அனுப்பிவைத்தேன். உன் கையைக் கழுவச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நீ போன பிறகு தெரு சனங்கள் பாட்டிலோடு என்னிடம்தான் வந்தார்கள். ரேஷன் கடை நோட்டீஸிலிருந்து பள்ளிக்கூடத்துக் காகிதம் வரைக்கும் நான்தானே படித்துச் சொல்கிறேன். சத்துணவுக்கூடத்தில் அடுப்பைக் கவனித்தபடியே ஒவ்வொருவருக்கும் படித்தேன். "இயற்கையானது. மூலிகைச் சாறும் வேப்பெண்ணெயும் சேர்ந்தது. ரசாயனம் கலவாதது. சுற்றுப்புறத்துக்கு உகந்தது. மண்ணில் மக்கி மறைவது. காலிப் பாட்டிலை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்." பச்சை நிறத்தில் பெரிய இலை ஒன்று போட்டிருந்தது. அதற்கு மேல் நான் தேடவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. உன் அத்தை மட்டும் கேட்டாள். "அண்ணி, கையில தொட்டுக் கலக்கலாமா?" நான் சொன்னேன், "வேப்பெண்ணெய்தான் புள்ள. செல்வமே தடவிக்கிட்டானே, நீயும்தான் பாத்த."

உன் அப்பா மருந்தடிக்கப் போகிற விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சிறுபிள்ளையாக இருந்தபோது பெரிய காட்டுக்காரர்களின் பருத்திக்கு அவர்தான் மருந்தடிப்பார். அதற்கென்று ஒரு முழுக்கைச் சட்டை வைத்திருந்தார். அந்தச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார். மூக்கில் துண்டு கட்டுவார், காற்று எதிரே அடித்தால் வேலையை நிறுத்திவிடுவார், பொம்பளைகளை அந்தப் பக்கமே அண்டவிட மாட்டார். டப்பாவைக் குழி தோண்டிப் புதைப்பார். ஒரு நாள் அவர் காட்டிலிருந்து வருவதைப் பார்த்து நீ "அப்பா" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டப் போனாய். அவர் உன்னை நெட்டித் தள்ளிவிட்டார். நீ மண்ணில் விழுந்து முழங்கால் சிராய்த்து அழுதாய். உன்னைத் தூக்கவும் இல்லை அவர். நேரே வாய்க்காலுக்குப் போய்க் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் உன்னைத் தூக்கி மடியில் வைத்தார். பல நாள் நீ அதைச் சொல்லிச் சொல்லி அவரோடு பேசாமல் இருந்தாய். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் டப்பாவில் சாய்சதுரமாக ஒரு கட்டம் போட்டு, அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு அடித்திருக்கும், மேலே மண்டையோடு இருக்கும். அது போதும் அவருக்கு. அத்தனை வருஷம் அந்தச் சிவப்புக்கு நடுவில் வேலை செய்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த விஷம், தான் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தது. அதனால் நாமும் அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டோம்.

உன் மருந்துக்கு அவர் அந்தச் சட்டையை எடுக்கவில்லை. துண்டு கட்டவில்லை. மகன் கொண்டுவந்த இயற்கை மருந்துக்கு எதற்கு அதெல்லாம் என்று சிரித்தார். தெளிப்பானைக்கூட எடுக்காமல் அவர் மடையைப் பார்க்கப் போய்விட்டார். உன் அத்தைதான் குடத்தில் தண்ணீர் விட்டு, பாட்டிலைச் சாய்த்து, கையை விட்டுக் கலக்கி, வேப்பங்கொத்தைத் தோய்த்துத் தோய்த்து வெங்காயப் பாத்தியெல்லாம் உதறிக்கொண்டு போனாள். வெறுங்காலோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. காற்று அவள் பக்கம் திரும்பியபோது முகத்தில் தெறித்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டாளாம். அந்த முந்தானையையே தலையில் போட்டுக்கொண்டு மேலே வேலை செய்தாளாம்.

நான் கஞ்சி கொண்டுபோனபோது உச்சி வெயில். அவள் பாத்திக்கு நடுவே குந்தியிருந்தாள். "என்ன புள்ள, அதுக்குள்ள உக்காந்துட்ட?" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை. "அண்ணி, நீங்க எங்க நிக்கிறீங்க? இருட்டா இருக்கு" என்றாள். அத்தனை வெளிச்சத்தில் அவள் அப்படிக் கேட்டதும் என் கையிலிருந்து தூக்குச்சட்டி நழுவிவிட்டது. அவள் கன்னமும் கையும் தனித்தனியாகத் துடித்தன. தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி துடித்தன. சேலை நனைந்திருந்தது வியர்வையிலா மூத்திரத்திலா என்று தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா ஓடிவந்தார். அவள் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் வெட்ட அரியலூர்ப் பக்கம் போயிருந்தார். வெங்காயம் ஏற்ற வந்த லாரியை மறித்து அவளை ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நான் அவள் தலையை மடியில் வைத்து, அவள் முந்தானையாலேயே அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். விஷத்தாலேயே துடைத்திருக்கிறேன் செல்வம்.

டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து அடிச்சீங்க?" என்றுதான். அவர் சரியாகத்தான் கேட்டார். நான் சொன்னேன், "மருந்தெல்லாம் இல்லீங்க. இது இயற்கைங்க. வேப்பெண்ணெய்." பாட்டிலையும் நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எதுவும் போடலியேம்மா" என்றார். வெயிலில் வேலை செய்தாளா, முன்னே வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். குனிந்து முந்தானையை முகர்ந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "கண்ணு பாவை கடுகாட்டம் சுருங்கிக் கிடக்கு. பூண்டு நாத்தம் அடிக்குது. இது விஷம்மா. வேப்பெண்ணெயில கரைச்ச விஷம். யார் உங்ககிட்ட இயற்கைன்னு சொன்னது?"

அதற்குள் நர்ஸம்மா சேலையை அறுத்து எடுத்து, தலையிலிருந்து கால் வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவ ஆரம்பித்தார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் டாக்டர் அவள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். அந்தப் பாட்டில் என் மடியில் இருந்தது. தெருவுக்கெல்லாம் படித்துச் சொன்ன அதே எழுத்துகளை எனக்காக ஒருமுறை படித்தேன்.

இயற்கையானது என்று போட்டிருக்கிறது. அரளிக்கொட்டையும் இயற்கைதான். ஊமத்தங்காயும் இயற்கைதான். நம் ஊரில் யாராவது அரளியை அரைத்துக் குடித்தால், அது செடியில் காய்த்ததுதானே என்று நாம் சும்மா இருப்போமா? எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அந்த வார்த்தை சொல்கிறது. உடம்பில் என்ன செய்யும் என்பதை அது சொல்லவே இல்லை. நான்தான் அதைச் சேர்த்துப் படித்தேன். மூலிகை என்றால் எந்த மூலிகை, பேர் இல்லை. வேப்பெண்ணெய் இருக்கிறது, உண்மைதான், நாற்றமே சொல்கிறது. ஆனால் ஒரு பொருள் இருக்கிறது என்று சொன்னால் வேறெதுவும் இல்லை என்று ஆகிவிடுமா? பச்சை இலையைப் பார்த்தேன். விஷ டப்பாக்களில் சிவப்பு இருக்கிற மாதிரியே மஞ்சள், நீலம், பச்சை என்று கட்டங்கள் உண்டு, அந்த வரிசையில் போகப் போகக் கடுமை குறைவு, பச்சைக் கட்டம் போட்டதும் விஷம்தான், தொட்டால் கழுவத்தான் வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். இந்தப் பாட்டிலில் அந்தக் கட்டமே இல்லை. அந்த இடத்தில் இலையைப் போட்டு நம் கண்ணை மூடியிருக்கிறார்கள்.

டாக்டர் கொஞ்சம் ஓய்ந்து வெளியே வந்தபோது நான் விடவில்லை. "மண்ணுல மக்கிடும்னு போட்டிருக்கே சார், மக்குறது எப்படிங்க விஷமா இருக்கும்?" என்று கேட்டேன். பைத்தியக்காரி மாதிரிதான் கேட்டேன். அந்த எழுத்தில் ஒன்றாவது உண்மையாக இருக்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு. அவர் கோபிக்கவில்லை. "மக்கும்மா. அது பொய்யில்ல. இந்த மாதிரி விஷம் கொஞ்ச நாள்ல மண்ணுல சிதைஞ்சு போகும். ஆனா ஆளைச் சாய்க்க அதுக்கு அவ்வளவு நாள் வேண்டாம். மண்ணுக்கு நல்லதுங்கிறது வேற, மனுஷனுக்கு ஆபத்தில்லைங்கிறது வேற" என்றார். ரசாயனம் கலவாதது என்பதைக் கேட்டபோது, "உப்பும் ரசாயனம்தாம்மா. அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது" என்றார். சுற்றுப்புறத்துக்கு உகந்தது என்றால் எந்த வகையில் உகந்தது, யார் சோதித்தது என்று எழுதியிருக்க வேண்டுமாம். காலிப் பாட்டிலை வைத்துக்கொள்ளலாம் என்பதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத எழுதினவனைப் பாக்கணும்" என்றார். "இதெல்லாம் பாராட்டும்மா. பாராட்டைப் படிச்சு வைத்தியம் பாக்க முடியாது. உள்ள என்ன இருக்குன்னு பேரைப் போட்டிருந்தா, வந்த உடனே ஊசி போட்டிருப்பேன்."

அப்போதுதான் நான் சொன்னேன், "இத விக்கிறது என் மவன் சார்" என்று. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "அவன் கையில படுதா?" என்றுதான். நீ தடவிக் காட்டுவதைச் சொன்னேன். தலைவலி, கண் மங்கல், வேர்வை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. எண்ணெயில் கரைத்தால் தோலுக்குள் சுலபமாக இறங்குமாம். ஒரு தடவை தடவியதும் விழுந்துவிட வேண்டும் என்று இல்லையாம். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கும் சக்தியை இழந்துகொண்டே வருமாம். கடைசியில் ஒரு நாள் சொட்டு பட்டாலே போதுமாம். "அவனை எப்படியாவது நிறுத்துங்க. இன்னும் ஒரு சந்தைகூட வேணாம்" என்றார்.

தபாலாபீஸுக்கு ஓடினேன். திருச்சியில் உன் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டு, காத்துக் கிடந்து, ஒருவழியாக மேனேஜர் கிடைத்தார். உன் அத்தை நிலைமையைச் சொன்னேன். "அப்படி வர வாய்ப்பே இல்லீங்களேம்மா. முழுக்க முழுக்க இயற்கைப் பொருள்" என்றார். "அதுல என்ன கலந்திருக்கீங்க? பேரை மட்டும் சொல்லுங்க, டாக்டர் கேக்கறார்" என்றேன். "அது தொழில் ரகசியம்மா" என்றார். "என் மவன் எந்த ஊர்ல இருக்கான்னாவது சொல்லுங்க" என்றேன். "லைன்ல, சந்தை சந்தையா சுத்திக்கிட்டு இருக்காப்ல. வந்ததும் சொல்றோம்" என்று வைத்துவிட்டார். அந்த மனிதர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை செல்வம். பதறுகிற வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் நின்று தோலைக் காட்டுகிற வேலையையும் உனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர் கையில் ஒரு சொட்டு பட்டிருக்காது.

மறுநாள் விடிந்ததும் உன் அப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு நீ அடுத்துப் போவதாகச் சொல்லியிருந்த அரியலூருக்குப் போனேன். சந்தை முழுக்கத் தேடினேன். வெற்றிலைக்காரரிடமும் கருவாட்டுக்காரம்மாவிடமும் பச்சை வேன் வந்ததா என்று கேட்டேன். உன் லாட்ஜைக் கண்டுபிடித்தபோது நீ கிளம்பிப் போயிருந்தாய். அங்கே இருந்தவர் நல்ல மாதிரி. "அந்தத் தம்பிக்கு ரெண்டு நாளா வாந்திங்க. கை நடுங்கி டீ கிளாஸைக் கீழ போட்டுடுச்சு. படுத்துக்கன்னு சொன்னேன். வெயில்தாண்ணே, சரியாயிடும்னு சொல்லிட்டு உடையார்பாளையம் பக்கம் போயிடுச்சு" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உடையார்பாளையம் பஸ்ஸில் ஏறியும் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் அந்தப் பாட்டில் இருக்கிறது. நான் படித்துக் காட்டிய பாட்டில். நீ ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கிற நிலை வரக்கூடாது. இறங்கிவிட்டேன். உன்னை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். அதற்காக நீ என்னை என்ன நினைத்தாலும் சரி. உன் அப்பாவைப் பெரம்பலூரிலிருந்து உன் பின்னால் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன்.

வீடு வீடாகப் போனேன். சிலர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்கள். சிலர், "ஒன் மவனே தடவிக் காட்டுனானே அக்கா, இப்ப நீ வந்து விஷங்கிற" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்கள். தெருக்கோடி வீட்டில் காலிப் பாட்டிலைக் கழுவி, கைக்குழந்தைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயை ஊற்றி வைத்திருந்தார்கள். வைத்துக்கொள்ளலாம் என்று நான்தானே படித்தேன். அந்தக் குழந்தையை நானே வாங்கிக் கழுவினேன். நல்ல வேளை, காலையில்தான் ஊற்றியிருந்தார்கள், தேய்க்கவில்லை. அந்தத் தாய் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாட்டில்களையெல்லாம் சாக்கில் கட்டி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் அப்பா, அவசரத்துக்கு நான் நாலு வரியில் எழுதிக் கொடுத்த காகிதத்தை மட்டும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உடையார்பாளையம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "அன்னிக்கு அவன நெட்டித் தள்ளுன கையி, இன்னிக்கு எங்கடி போச்சு?" என்று கேட்டார். வேன் படியில் நீ கையில் ஊற்றிக்கொண்டபோது அவரும் கூட்டத்தில் நின்று சிரித்தவர்தான்.

இந்த வேலையை விட்டால் வேறு என்ன செய்வேன் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. மறுபடி வீட்டில் படுத்துக் கிட. மறுபடி உனக்குச் சோறு போடுகிறேன். மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று நீ பேசியதை விட்டுவிடச் சொல்லவில்லை. மண்புழு இல்லாமல் போனது உண்மை, தேனீ குறைந்தது உண்மை. அந்த உண்மையை எவனோ எடுத்துத் தன் பாட்டிலுக்கு மேல்சட்டையாகத் தைத்துப் போட்டிருக்கிறான். நாளைக்கு நிஜமாகவே நல்லது ஒன்று வந்தாலும் நம் தெருவில் யார் நம்புவார்கள்? இனி யார் எதைக் கொண்டுவந்து இயற்கை என்றாலும், உகந்தது என்றாலும், மக்கும் என்றாலும், நீ அந்த வார்த்தைக்கு மயங்காதே. உள்ளே இருப்பது என்ன, அதன் பேர் என்ன, எதில் மக்கும், எவ்வளவு நாளில், தொட்டால் என்ன, குடித்தால் என்ன என்று கேள். ஏன், எதற்கு என்று எல்லாரையும் கேட்கிற பிள்ளை, சம்பளம் கொடுக்கிறவனை மட்டும் கேட்காமல் விட்டாயே ராசா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அத்தைக்கு நினைவு நன்றாகத் திரும்பியிருக்கிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கண் தெளிந்துவிட்டது, மூச்சு இனி நிற்காது, பிழைத்துக்கொள்வாள் என்றார். கை நடுக்கம் மட்டும் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாதாம். தண்ணீர் கேட்டாள், ஸ்பூனில் கொடுத்தேன். என் மடியில் காகிதத்தைப் பார்த்து, "யாருக்கு அண்ணி?" என்றாள். உனக்கு என்றேன். அவள் சொன்னாள், "புள்ளயத் திட்டி எழுதாதீங்க அண்ணி. அதுல என்னா இருக்குன்னு அவனுக்குத் தெரியாது."

நான் அழுதுகொண்டே இதை எழுதுகிறேன். அவள் உன்னை மன்னிக்கச் சொன்ன வார்த்தை அது. ஆனால் எல்லாச் சந்தையிலும் நீ சனங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையும் அதுதான். உனக்கு இன்னும் குரல் இருந்தால், கூட்டம் இன்னும் உன் எதிரே நின்றுகொண்டிருந்தால், மைக்கை எடுத்து அதைச் சொல். இந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொல். வாங்கினவர்கள் தொடாமல் வைக்கட்டும், தொட்டவர்கள் உடனே கழுவட்டும் என்று சொல். கம்பெனிக்காரன் கேட்டால் என் அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொல்.

அதோடு போதும். வேனை நீ ஓட்டாதே, பஸ் பிடிக்க ஓடாதே. டாக்டரிடம் காட்ட ஒரு பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமாவது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல். கூட்டிப் போக யாரும் இல்லையென்றால் பத்துப் பேர் பார்க்கிற இடமாக உட்கார்ந்துகொள், தனியாக எங்கேயும் படுத்துவிடாதே. உன் அப்பா ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறார். காதில் விழுந்தால் பதில் கொடு.




அம்மா